மண்ணெண்ணெயிலை ஓடின மொறிஸ் மைனர்: பெற்றோலுக்கு ரைமிங் வைக்கிறது எப்பிடி?

கோண்டாவில்_மைனர் | 3 பெப்ரவரி 2024, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கார் அப்பப்பாவின்ரை. 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. 948 சீசி எஞ்சின், ஒற்றை எஸ்.யூ. காபரேற்றர், இண்டைக்கும் பொசிற்றிவ் ஏர்த் (பற்றறியின்ரை பிளஸ் பக்கம் கார் உடம்போடை). 95 இடப்பெயர்விலை, யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் வெளிக்கிடேக்கை, ஒன்பது பேரையும் ஒரு தையல் மெசினையும் ஏத்திக்கொண்டு கொடிகாமம் வரை போய்த் திரும்பி வந்தது. பிறகு கொட்டிலுக்குள்ளை விட்டு இருபது வருசம். போன வருசம் வெளியிலை இழுத்தனான்.

எஞ்சினுக்கு முழு வேலையும் செய்தாச்சு. போர் 40 தௌ (ஒரு தௌ எண்டால் அங்குலத்திலை ஆயிரத்திலை ஒரு பங்கு), கிராங் 20 தௌ, புது ரைமிங் செயின், ஹெட் முகம் எடுத்தது, ஈயமில்லாத பெற்றோலுக்கெண்டு எக்சோஸ்ற் வால்வுகளுக்குக் கெட்டியான சீற் இறக்கினது. ஹெட்டைக் கழட்டேக்கை ஒரு விசயம் கண்டனான்: ஒண்டுக்கு மேலை ஒண்டாய் ரெண்டு கஸ்கற். இப்ப ஒண்டுதான் போட்டிருக்கு.

பிரச்சினை இதுதான். ஸ்ராட் வருது. ஆனால் ஐட்லிங் ஸ்குரூவை நல்லா ஏத்தி வைச்சால்தான் நிக்குது. இழுவை இல்லை. நாலாம் கியரிலை 30 மைலுக்கு மேலை போக மனமில்லாத மாதிரி. சைலென்சருக்குள்ளை அப்பப்ப 'டுப்' எண்டு வெடிக்குது. கோண்டாவிலிலிருந்து பரமேஸ்வராச் சந்திக்குப் போறதுக்குள்ளை றேடியேற்றர் மூடியாலை கொதிச்சு வழியுது. இரவிலை பொனற்றைத் திறந்து பாத்தால் எக்சோஸ்ற் மனிபோல்ட் மங்கல் சிவப்பாத் தெரியுது. நகரத்திலை ஒரு கராஜிலை காட்டினனான், றேடியேற்றர் அடைப்பு எண்டு சொல்லிப் புதுக் கோர் போட்டுத் தந்திச்சினம். காசு போனதுதான், கொதி அப்பிடியே.

ரைமிங்கைப் பற்றி, அதாவது தீப்பொறி விழுற நேரம்: பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ரிபியூட்டரைக் கழட்டேக்கை அதின்ரை உடம்பிலையும் கீழை கிளாம்ப் தகட்டிலையும் உளியாலை கீறின பழைய கோடு ஒண்டு இருந்தது. அந்தக் கோட்டுக்கே திரும்ப வைச்சனான். அதாலை ரைமிங் பிழைக்க வழியில்லை எண்டுதான் நினைக்கிறன். வேறை எங்கை பாக்கிறது?


லண்டன்_ட்ரவலர் | 3 பெப்ரவரி 2024, இரவு 11.48

வணக்கம். என்னிடமும் மைனர்தான், மரச் சட்டம் வைத்த ட்ரவலர், 1098 சீசி.

நீங்கள் எழுதிய எல்லா அறிகுறிகளும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: தீப்பொறி பிந்தி விழுகிறது. பிந்தினால் பிஸ்ரன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் எரிதல் முடியாமல் நீளும். பிஸ்ரனைத் தள்ள வேண்டிய சூடு வால்வைத் தாண்டி மனிபோல்டுக்குள் போகும். இழுவை குறைகிறது, சூடு கூடுகிறது, மிச்சம் சைலென்சருக்குள் வெடிக்கிறது. றேடியேற்றரில் பிழையில்லை. புதுச் சீற் போட்ட வால்வுகளை இந்தச் சூட்டில் வைத்து ஓட்டாதீர்கள். சரி பார்க்கும் வரை காரை வீட்டில் நிறுத்துவது நல்லது.

இரண்டு கேள்வி. ரைமிங் செயின் மூடியும் கிராங் புலியும் (கிராங்கின் முன் முனையில் பெல்ற் ஓடும் சக்கரம்) இதே எஞ்சினுடையவையா? மைனரில் இருக்கும் ஏ-சீரிஸ் எஞ்சின்கள் பல விதம், மூடியில் சுட்டிகள் இருக்கும் இடமும் மாறும். ஒன்றின் மூடியையும் இன்னொன்றின் புலியையும் சேர்த்தால் குறி பொய் சொல்லும். அடுத்தது, பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் தொடுமுனைகள்) இடைவெளி எவ்வளவு?


சுன்னாகம்_பழைய_கராஜ் | 4 பெப்ரவரி 2024, காலை 6.05

தம்பி, உந்தக் கோட்டை நம்பாதேங்கோ. உது பெற்றோல் கோடு இல்லை. மண்ணெண்ணெய்க் கோடு.

ரெண்டு கஸ்கற் எண்டு வாசிச்சவுடனேயே எனக்கு விளங்கீட்டுது. 90களிலை யுத்தத்தாலை பொருளாதாரத் தடை இருந்த காலம், இஞ்சை பெற்றோல் வராது. ஒஸ்ரின் ஏ-40, மைனர், ஒக்ஸ்போட் எண்டு எல்லாப் பழைய காரும் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. நானே எத்தினை காருக்குச் செய்து குடுத்திருப்பன். காபரேற்றர் வாயிலை ஊசிச் சிரிஞ்சாலை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவம். எஞ்சின் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்குத் திறப்பம். குளிர்ந்த எஞ்சினிலை மண்ணெண்ணெய் ஆவியாகாது, சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழை ஒயிலுக்குள்ளை இறங்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்தால் ஒயில் குறையாது, கூடும். அந்த ஒயிலை ரெண்டு விரலுக்கிடையிலை தேய்ச்சுப் பாத்து, வழுக்கல் போனால் மாத்துவம்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போலை நெருக்கலைத் தாங்காது. கெதியா நொக் பண்ணும், கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிச்சுத் தட்டும். அதாலைதான் ரெண்டாவது கஸ்கற், கொம்பிரஷனைக் குறைக்க. அதாலைதான் டிஸ்ரிபியூட்டரையும் பிந்தின பக்கம் திருப்பி வைக்கிறது. திருப்பின இடம் மறக்காமல் இருக்க உளியாலை ஒரு கோடு. உங்கடை காரிலை இருக்கிறது அதுதான். இப்ப ஹெட் முகம் எடுத்து, போர் கூட்டி, ஒரு கஸ்கற்றோடை, 92 பெற்றோல் விட்டு ஓட்டுறியள். எஞ்சின் மாறீட்டுது, கோடு மாறேல்லை.

அந்தக் கோடு போட்டவன் தன்ரை வேலையைச் சரியாத்தான் செய்திருக்கிறான். மனிபோல்ட் சூடாகும் எண்டு எங்களுக்கும் தெரியும். ஆசுப்பத்திரிக்கு ஆள் கொண்டுபோக வேறை வழி இருக்கேல்லை.


கோண்டாவில்_மைனர் | 4 பெப்ரவரி 2024, காலை 7.31

ஐயா, இதை வாசிச்சுப்போட்டுப் போய்க் கோட்டைத் தொட்டுப் பாத்தனான். அப்பாவிட்டைக் கேட்டன். “ஓம், சிரிஞ்ச் டாஷ்போட்டுக்குள்ளைதான் இருந்தது” எண்டார். எனக்கு இவ்வளவு நாளும் இது தெரியாது.

லண்டன் அண்ணை, மூடியும் புலியும் இதே எஞ்சினின்ரைதான். ஹெட் பூட்ட முதல், பிஸ்ரன் வெளியிலை தெரியேக்கை டயல் கேஜ் வைச்சுப் பாத்தனான். பிஸ்ரன் உச்சிக்கு வரேக்கை புலியிலை இருக்கிற வெட்டு நீளமான சுட்டிக்கு நேரை வந்தது. அதிலை பிழை இல்லை.

பொயின்ற் இடைவெளி இப்பதான் அளந்தனான்: 9 தௌ. வெட்கமா இருக்கு.


கோவை_அம்பாசிடர் | 4 பெப்ரவரி 2024, காலை 10.20

வணக்கங்க. நான் கோயமுத்தூர். வண்டி அம்பாசிடர், 1489 சிசி பி-சீரிஸ் பெட்ரோல் எஞ்சின். உங்க மைனர் எஞ்சினுக்கு அண்ணன் மாதிரிங்க, ஃபயரிங் ஆர்டர் ரெண்டுக்கும் 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டரும் லூகாஸ் வழி வந்ததுதான், எங்களுக்குச் சென்னை பாடியில லூகாஸ் டிவிஎஸ் செஞ்சது.

9 தௌ-க்கு வெட்கப்பட வேண்டாங்க, ஆனா அதை முதல்ல சரி பண்ணுங்க. சி.பி. பாயிண்ட் கேப் குறைஞ்சா பாயிண்ட் லேட்டாத்தான் திறக்கும், டைமிங் தானா பின்னாடி போயிடும். டைமிங் வச்சு முடிச்சிட்டு அப்புறமா கேப்பைத் தொட்டீங்கன்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கேப் முதல்ல, டைமிங் கடைசியில. 15 தௌ வைங்க. பழைய பாயிண்ட்ல ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு விழுந்திருந்தா ஃபீலர் கேஜ் மேட்டு மேல உக்காந்துக்கிட்டுப் பொய்யான அளவு காட்டும். அப்படி இருந்தா புதுசு போட்டுருங்க.

இன்னொண்ணு என் அனுபவங்க. எஞ்சின் வேலை முடிஞ்சு ரெண்டு நாள் வண்டி ஸ்டார்ட்டே ஆகல. செல்ஃப் அடிச்சா கார்புரேட்டர் வழியா நெருப்பு கக்குச்சு. காரணம் என்னன்னா, ஒண்ணாம் சிலிண்டர் பிஸ்டன் மேல வந்திருக்குன்னு நம்பி டிஸ்ட்ரிபியூட்டர் இறக்கினேன். மேலதான் இருந்துச்சு, ஆனா அது கம்ப்ரஷன் இல்ல, எக்ஸாஸ்ட் முடியிற நேரம். முழுசா அரை சுத்து தப்பு. ராக்கர் கவரைக் கழட்டிட்டுப் பாருங்க. நாலாம் சிலிண்டரோட ரெண்டு வால்வும் ஒண்ணு மூடி ஒண்ணு திறக்கிற மாதிரி ஆடிக்கிட்டு இருந்தா, அப்ப ஒண்ணாம் சிலிண்டர் கம்ப்ரஷன்ல இருக்கு. உங்க வண்டி ஸ்டார்ட் ஆகுது, அதனால உங்களுக்கு இந்தத் தப்பு இல்ல. பின்னால படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன்.


வவுனியா_ஏ40 | 4 பெப்ரவரி 2024, பகல் 1.15

எனக்கு ஒரு சந்தேகம். பொயின்ற், கொண்டென்சர் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரோனிக் கிற் போட்டால் இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லைத்தானே? இப்ப வாற கொண்டென்சர்கள் சூட்டிலை ரெண்டு மாசம் நிக்குதில்லை. என்ரை ஏ-40 ரெண்டு தரம் நடு றோட்டிலை நிண்டது.


லண்டன்_ட்ரவலர் | 4 பெப்ரவரி 2024, மாலை 6.02

எலக்ட்ரோனிக் கிற் பொயின்ற் செய்யும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளும். தேய்மானம் இல்லை, இடைவெளி மாறாது, அது உண்மை. ஆனால் டிஸ்ரிபியூட்டரை எந்தப் பாகையில் வைப்பது என்பதை அது தீர்மானிப்பதில்லை. உள்ளே எடைகள் இறுகியிருந்தால் அதையும் அது விடுவிக்காது. பிழையான ரைமிங்கைக் கிற் தவறாமல் பிழையாகவே தரும். பொசிற்றிவ் ஏர்த் காருக்குத் தனி வகை கிற் வேண்டும், மாறிப் போட்டால் சாவியைத் திருப்பிய நொடியில் எரிந்துவிடும்.

கொண்டென்சர் பற்றி நீங்கள் சொன்னதுடன் முழுவதும் உடன்படுகிறேன். ரோட்டரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவில் ஆணி அறைந்த மலிவு ரோட்டர்களில் அந்த ஆணி வழியாகத் தீப்பொறி கீழே தண்டுக்குப் பாய்ந்துவிடுகிறது. ஆணி இல்லாத நல்ல ரோட்டர் கிடைத்தால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள்.


சுன்னாகம்_பழைய_கராஜ் | 4 பெப்ரவரி 2024, இரவு 8.40

நான் பொயின்ற் கட்சிதான். மாங்குளத்துக்கு அங்காலை காட்டுக்குள்ளை கார் நிண்டால், ஒரு துண்டு எமரித் தாளும் ஒரு ஸ்குரூ டிரைவரும் இருந்தால் வீட்டை வந்து சேருவன். கிற் நிண்டால் ஆளைக் கூப்பிட வேணும். ஆனால் தினமும் வேலைக்கு ஓடுற காருக்குக் கிற் போடுறவையைப் பிழை சொல்லமாட்டன்.

சரி, தம்பி கோண்டாவில், பல்ப் வைச்சு ரைமிங் போடுறதைச் சொல்லுறன். ஒவ்வொண்டாச் செய்யுங்கோ.

நாலு பிளக்கையும் கழட்டுங்கோ, எஞ்சின் லேசாச் சுத்தும். பொயின்ற் 15 தௌ. காமிலை ஒரு பயறளவு கிறீஸ், கூட வேண்டாம், பறந்து பொயின்றிலை ஒட்டும். பிறகு காருக்குக் கீழை படுக்க வேணும். மைனரிலை சுட்டிகள் புலிக்கு அடிப்பக்கம். மூண்டு பல் இருக்கும்: நீளமானது பிஸ்ரன் உச்சி, மற்றது அஞ்சு பாகை, அதுக்கு அடுத்தது பத்து. வெட்டுக்குள்ளை கொஞ்சம் வெள்ளைப் பெயின்ற் தடவுங்கோ, இல்லாட்டி அந்த இருட்டிலை கண்ணுக்குப் படாது.

கிராங் ஹாண்டிலாலை எஞ்சின் சுத்துற பக்கமே சுத்துங்கோ. ஒண்டாம் சிலிண்டர் கொம்பிரஷன், வெட்டு அஞ்சு பாகைப் பல்லுக்கு நேரை. தாண்டிப் போனால் அப்பிடியே பின்னாலை இழுத்து நேர் பண்ணாதேங்கோ. காற் சுத்துப் பின்னுக்குப் போய்த் திரும்ப முன்னுக்கு வாங்கோ. செயினிலையும் பல்லிலையும் இருக்கிற தளர்வு அப்பதான் ஒரு பக்கமா நிக்கும்.

இப்ப 12 வோல்ற் சின்னப் பல்ப் ஒண்டு. ஒரு வயர் டிஸ்ரிபியூட்டர் பக்கத்து முனைக்கு, கொயிலிலை சி.பி. எண்டு எழுதின பக்கம் வாற வயர் பூட்டுற இடம். மற்ற வயர் எஞ்சின் உடம்பிலை. சாவியைப் போடுங்கோ. பொயின்ற் மூடியிருந்தால் பல்ப் எரியாது, திறந்தால் எரியும். கிளாம்ப் நட்டைத் தளர்த்தி டிஸ்ரிபியூட்டரை முதல் இடஞ்சுழியாத் திருப்பிப் பல்ப்பை அணையுங்கோ. பிறகு மெல்ல மெல்ல வலஞ்சுழியா. பல்ப் 'பளிச்' எண்ட அந்த இடத்திலை நிப்பாட்டி இறுக்குங்கோ. அளவாத்தான் இறுக்க வேணும், கிளாம்ப் தகடு வளைஞ்சால் பிறகு டிஸ்ரிபியூட்டரை ஒழுங்காப் பிடியாது.

இறுக்கினாப் பிறகு ஹாண்டிலை ரெண்டு சுத்துச் சுத்தி, வெட்டு அதே பல்லுக்கு வரேக்கை பல்ப் எரியுதோ எண்டு பாருங்கோ. இறுக்கேக்கை அசைஞ்சிருந்தால் இதிலை பிடிபடும். சாவியைப் போட்டபடி விட்டுட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதேங்கோ, பொயின்ற் மூடியிருந்தால் கொயில் சூடாகிப் பழுதாகும்.

ஹாண்டில் பிடிக்கேக்கை பெருவிரலும் மற்ற விரல்களோடை ஒரே பக்கம் இருக்க வேணும். சுத்திப் பிடிக்காதேங்கோ. ரைமிங் முந்தியிருந்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு முறிஞ்ச ஆக்களை நான் கண்டிருக்கிறன்.


கோண்டாவில்_மைனர் | 6 பெப்ரவரி 2024, மாலை 5.55

செய்தாச்சு ஐயா. நேற்று முழுப் பின்னேரமும் காருக்குக் கீழை.

பல்ப்பைப் பூட்டி வெட்டைத் தேடினால், பழைய கோட்டிலை பொயின்ற் திறக்கிற நேரம் வெட்டு நீளமான சுட்டியையும் தாண்டி ஒரு விரல் அகலம் போய் நிக்குது. அதாவது பிஸ்ரன் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கினாப் பிறகுதான் தீப்பொறி. இதோடை இவ்வளவு நாளும் ஓடினதுதான் ஆச்சரியம். இப்ப அஞ்சு பாகைப் பல்லிலை பல்ப் எரியிற மாதிரி வைச்சிருக்கிறன். பழைய கோட்டுக்கும் புது இடத்துக்கும் இடையிலை உடம்பிலை ஒரு சுண்டுவிரல் அளவு வித்தியாசம்.

ஸ்ராட் ஒரு அடியிலை வந்தது. ஐட்லிங் ஸ்குரூவை ஒண்டரைச் சுத்துக் குறைச்சும் அமைதியா நிக்குது. அம்மா வெளியிலை வந்து “சத்தம் மாறீட்டுது” எண்டா.

ஆனால் முழுச் சந்தோசம் இல்லை. 25 மைல் வரைக்கும் நல்ல இழுவை. அதுக்கு மேலை போகப் போக ஆரோ பின்னாலை பிடிச்சு இழுக்கிற மாதிரி. 40 மைலிலை பத்து நிமிசம் ஓடினால் திரும்பவும் சூடு ஏறுது, முந்தின மாதிரிக் கொதிக்கேல்லை. இன்னும் முன்னுக்குத் திருப்பட்டோ?


லண்டன்_ட்ரவலர் | 6 பெப்ரவரி 2024, இரவு 10.30

திருப்ப வேண்டாம். நீங்கள் வைத்தது எஞ்சின் நிற்கும்போது உள்ள ரைமிங். எஞ்சின் வேகம் கூடக் கூடத் தீப்பொறி இன்னும் முந்த வேண்டும். கலவை எரிந்து முடிய எடுக்கும் நேரம் பெரிதாக மாறுவதில்லை, பிஸ்ரனுக்குத்தான் அவசரம் கூடுகிறது. அந்த முந்தலைத் தருவது டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ற் தகட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிறிங்குகளும். மெதுவாக ஓடும்போது நன்றாகவும் வேகத்தில் சோம்பலாகவும் இருந்தால் அந்த எடைகள் விரியவில்லை என்றுதான் நான் நினைப்பேன். இருபது வருடம் கொட்டிலில் நின்ற கார்.

ரைமிங் லைற் (ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னும் விளக்கு) ஒன்று இரவல் வாங்குங்கள். உங்கள் சுட்டிகள் பத்துப் பாகையோடு முடிந்துவிடும், அதற்கு மேல் பார்க்கப் புலியில் நீங்களே ஒரு குறி போட வேண்டும். ஒரு கடதாசிப் பட்டியைப் புலியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வைத்து வெட்டுங்கள். அதை இரண்டாக மடியுங்கள், மறுபடி இரண்டாக, பிறகு மூன்றாக. பன்னிரண்டு சம பங்கு, ஒரு பங்கு 30 பாகை. காருக்கு முன்னால் நின்று பார்க்கும்போது வெட்டிலிருந்து வலஞ்சுழியாக ஒரு பங்கு தள்ளி வெள்ளைக் கோடு போடுங்கள். அந்தக் கோடு நீளமான சுட்டிக்கு நேரே தெரிந்தால் தீப்பொறி 30 பாகை முந்தி விழுகிறது.

காபரேற்றரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு வரும் வக்கூம் குழாயைக் கழற்றி, காபரேற்றர் பக்கத்து வாயை அடைத்துவிட்டுப் பாருங்கள். லைற்றின் சிவப்பு, கறுப்பு வயர்களைப் பற்றறியின் பிளஸ், மைனஸ் பார்த்துப் பூட்டுங்கள். பொசிற்றிவ் ஏர்த் காரில் பழக்கதோசத்தில் கறுப்பை உடம்பில் பூட்டினால் லைற் போய்விடும். காற்றாடிக்குக் கிட்ட கையும் வயரும் கவனம். லைற் வெளிச்சத்தில் அது நிற்பதுபோலத் தெரியும்.


கோண்டாவில்_மைனர் | 8 பெப்ரவரி 2024, இரவு 8.18

ரைமிங் லைற் கிடைச்சது. வெட்டு அசையேல்லை!

ஐட்லிங்கிலை 5 பாகைக்குக் கிட்ட. தம்பியை அக்சிலேற்றர் மிதிக்கச் சொல்லி எஞ்சின் கத்தக் கத்தப் பாத்தனான். வெட்டு அந்தப் பல்லிலேயே ஆணி அறைஞ்ச மாதிரி நிக்குது. 30 பாகைக் கோடு எங்கையோ கிடக்கு.

உடனை டிஸ்ரிபியூட்டரை மேசைக்குக் கொண்டுவந்தன். பொயின்ற் தகட்டைக் கழட்டினால் கீழை ஒரே கறுப்புப் பசை. கிறீஸ் காய்ஞ்சு தார் மாதிரி, அதுக்குள்ளை ஊசியளவு துருத் துகள். ரெண்டு எடையும் தகட்டோடை ஒட்டிப்போய் இருந்தது, விரலாலை தள்ளினால் அசையாது. ஒரு இரவு டீசலிலை ஊறவிட்டு, பல்லுத் தீட்டுற பிறஷாலை தேய்ச்சன். காலமை ஒரு எடை 'கிளிக்' எண்டு விட்டுது. மத்தியானம் மற்றது.

தகட்டிலை 13 எண்டு ஒரு இலக்கம் அடிச்சிருக்கு. அது என்ன?


சுன்னாகம்_பழைய_கராஜ் | 8 பெப்ரவரி 2024, இரவு 9.02

அந்த 13தான் எடைகள் குடுக்கிற கூடின முந்தல், டிஸ்ரிபியூட்டர் பாகையிலை. கிராங் ரெண்டு சுத்துச் சுத்த டிஸ்ரிபியூட்டர் ஒரு சுத்து, அதாலை புலியிலை பாக்கேக்கை ரெட்டிப்பு: 26. நீங்கள் வைச்ச 5ஐயும் கூட்டினால் 31. நல்ல வேகத்திலை உங்கடை 30 கோடு சுட்டிக்கு வந்து நிக்க வேணும்.

ஸ்பிறிங் ரெண்டையும் மாத்தாதேங்கோ, இழுத்தும் பாக்காதேங்கோ. ஒண்டு இறுக்கம், ஒண்டு தளர்வா இருக்கும், பழுதில்லை, அது அப்பிடித்தான். தளர்ந்தது முதல் வேலை செய்யும், இறுகினது பிறகு வரும். பூட்ட முதல் ரோட்டர் இருக்கிற தண்டை மேலை கையாலை முறுக்கி விட்டுப் பாருங்கோ. தானாத் திரும்பி வர வேணும்.

தண்டைப் பக்கவாட்டிலை ஆட்டிப் பாத்தியளோ? புஷ் தேய்ஞ்சிருந்தால் பொயின்ற் இடைவெளி ஒவ்வொரு காமுக்கும் ஒவ்வொண்டா வரும். லைற் அடிக்கேக்கை வெட்டு ஒரு இடத்திலை நிக்காமல் துள்ளும். அப்பிடி எண்டால் லேத்திலை குடுத்து வெண்கல புஷ் ஒண்டு கடைஞ்சு போட வேணும்.

அந்தக் குழாய் டிஸ்ரிபியூட்டரிலை பூட்டுற வக்கூம் டப்பாவையும் பாத்துவிடுங்கோ. குழாய் வாயிலை வாயை வைச்சு உறிஞ்சி, நாக்காலை அடைச்சுப் பிடியுங்கோ. பொயின்ற் தகடு திரும்பி அப்பிடியே நிக்க வேணும். காத்து இறங்கினால் உள்ளை தோல் கிழிஞ்சிட்டுது.


கோவை_அம்பாசிடர் | 9 பெப்ரவரி 2024, காலை 8.44

ஐயா சொல்றதோட ஒண்ணு சேர்த்துக்குறேங்க. அந்த வேக்குவம் டப்பா மேல மூணு நம்பர் அடிச்சிருக்கும், நடுவுல கோடு போட்டு. முதல் நம்பர் எத்தனை இஞ்ச் பாதரச வேக்குவத்துல இழுக்க ஆரம்பிக்கும், ரெண்டாவது எதுல முழுசா இழுத்து முடிக்கும், மூணாவது டிஸ்ட்ரிபியூட்டர்ல எத்தனை டிகிரி. வாங்கும்போது இந்த நம்பரைப் பார்த்துத்தான் வாங்கணும். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுத்திடுவாரு.

முடிச்சதும் நல்ல ஏத்தத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. நாங்க மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ரோட்டுல ஏத்துவோம். டாப் கியர்ல இழுக்கும்போது 'டிக் டிக் டிக்'னு கேட்டா கொஞ்சம் பின்னாடி.


சுன்னாகம்_பழைய_கராஜ் | 9 பெப்ரவரி 2024, காலை 9.30

கோவைத் தம்பி, யாழ்ப்பாணத்திலை ஏற்றம் ஏது! இஞ்சை நாங்கள் வேறை மாதிரிச் செய்வம். நாலு பேரைக் காரிலை ஏத்துங்கோ. பண்ணைப் பாலத்தாலை வேலணைப் பக்கம் போய்த் திரும்புங்கோ. இந்த மாசம் வாடைக்காத்து, யாழ்ப்பாணப் பக்கம் திரும்பி வரேக்கை முகத்துக்கு நேரை அடிக்கும். அதுதான் எங்கடை மலை. நாலாம் கியரிலை 20 மைலுக்கு இறக்கி, அக்சிலேற்றரை ஒரேயடியா அடிவரைக்கும் மிதியுங்கோ, கண்ணாடியைத் திறந்து வைச்சு. சில்லறைக் காசைப் பால்மாப் பேணிக்குள்ளை போட்டுக் குலுக்கின மாதிரிச் சத்தம் ரெண்டொரு செக்கன் கேட்டு, வேகம் எடுக்க மறைஞ்சால் சரியான இடம். தொடர்ந்து கேட்டால் கூடிப்போச்சு. ஒண்டுமே கேக்காட்டி இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு.

கிளாம்ப் நட்டைத் திரும்பத் தொடத் தேவையில்லை. டிஸ்ரிபியூட்டர் பக்கத்திலை பல்லு வெட்டின சின்ன நட் இருக்கு, ஏ எண்டால் முந்தும், ஆர் எண்டால் பிந்தும். விரலாலை திருப்பக் கிளிக் கிளிக் எண்டு கேக்கும். பதினொரு கிளிக் ஒரு பாகை அளவு.


வவுனியா_ஏ40 | 9 பெப்ரவரி 2024, பகல் 12.10

காதாலை கேட்டு வைக்கிறதை நான் நம்புறேல்லை ஐயா, குறை நினைக்காதேங்கோ. வேகமா ஓடேக்கை வாற நொக், காத்துச் சத்தத்துக்குள்ளை காதுக்குக் கேக்காது. அதுதான் பிஸ்ரனை ஓட்டையாக்கிறது. என்ரை மச்சானின்ரை காரிலை அப்பிடி ஒண்டு நடந்தது.


சுன்னாகம்_பழைய_கராஜ் | 9 பெப்ரவரி 2024, பகல் 12.52

குறை நினைக்கேல்லை, நீங்கள் சொல்லுறது சரி. அதாலைதான் முதல் பல்ப், பிறகு லைற்றிலை 30 கோடு, கடைசியாத்தான் காது. வேகத்திலை 30, 32ஐத் தாண்டாமல் லைற் காவல் நிக்கும். அந்த எல்லைக்குள்ளை மட்டும்தான் காது சொல்லுறதைக் கேக்க வேணும். எங்களிட்டை அந்த நாளிலை லைற் இருக்கேல்லை, காது மட்டும்தான். இருக்கிறவை பாவியுங்கோ.


கோண்டாவில்_மைனர் | 11 பெப்ரவரி 2024, இரவு 7.40

இண்டைக்குப் போய் வந்தாச்சு.

முதல் லைற். ஐட்லிங்கிலை வெட்டு 5இலை அசையாமல் நிக்குது, துள்ளல் இல்லை, புஷ் தப்பிச்சுது. அக்சிலேற்றர் குடுக்கக் குடுக்க வெட்டு பல்லைவிட்டு விலகி மெல்ல ஓடுறதைப் பாத்துக்கொண்டே இருந்தனான். நல்ல வேகத்திலை 30 கோடு இருட்டுக்குள்ளையிருந்து வந்து சுட்டிக்குப் பக்கத்திலை நிண்டுது. தம்பியைக் காலை எடுக்கச் சொன்னால் திரும்பி வந்து 5இலை. நாலைஞ்சு தரம் சும்மாவே செய்து பாத்தம்.

வக்கூம் டப்பா உறிஞ்சினால் பிடிக்குது. அறுபது வருசப் பழைய தோல்.

பிறகு அப்பா, அம்மா, தம்பி, நான், நாலு பேரும் பண்ணைக்கு. திரும்பி வரேக்கை ஐயா சொன்ன மாதிரிக் காத்து முகத்துக்கு. 20 மைலிலை அடிவரைக்கும் மிதிச்சன். ஒண்டும் கேக்கேல்லை. நிப்பாட்டிப் பதினொரு கிளிக் ஏ பக்கம். திரும்பப் போய்த் திரும்ப வந்தன். இந்த முறை கேட்டுது, பேணிக்குள்ளை ரெண்டு மூண்டு காசு, உடனை மறைஞ்சிட்டுது. வீட்டை வந்து லைற் அடிச்சன்: ஐட்லிங்கிலை 6, வேகத்திலை 30 கோட்டைத் தாண்டி ஒரு நூல்.

45 மைலிலை வேலணை மட்டும் ஓடினன். றேடியேற்றர் மூடியைச் சுத்தி ஒரு துளி ஈரம் இல்லை. இரவு பொனற்றைத் திறந்து பாத்தன், மனிபோல்ட் கறுப்பாத்தான் இருக்கு.

டிஸ்ரிபியூட்டர் உடம்பிலை இருந்த உளிக்கோட்டை அராவேல்லை. புது இடத்துக்குப் பக்கத்திலை சென்ரர் பஞ்சாலை ஒரு புள்ளி மட்டும் வைச்சிருக்கிறன். அப்பா பண்ணையிலை காருக்குள்ளை இருந்து ஒண்டும் கதைக்கேல்லை. வீட்டை வந்துதான் சொன்னார், அந்த நாளிலை இந்தக் காரிலை இருந்தால் உடுப்பெல்லாம் மண்ணெண்ணெய் மணக்கும், பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் தள்ளி இருப்பினம் எண்டு.

ஐயா, அடுத்தது என்ன பாக்க வேணும்? பிளக் நிறம் கொஞ்சம் கறுப்பா இருக்கு.


சுன்னாகம்_பழைய_கராஜ் | 11 பெப்ரவரி 2024, இரவு 8.25

பிளக் கறுப்பு காபரேற்றர் விசயம். ரைமிங் பிழைச்சிருந்த காலத்திலை இழுவைக்காக ஆரோ ஜெற் நட்டைக் கீழை இறக்கிக் கலவையைக் கூட்டியிருப்பினம். மேலை ஒவ்வொரு பட்டையா ஏத்துங்கோ, அதை வேறை இழையிலை கதைப்பம்.

புதுப் பொயின்ற் எண்டால் அதின்ரை குதி காமிலை படிஞ்சு முதல் 500 மைலுக்குள்ளை இடைவெளி குறையும், ரைமிங் திரும்பப் பின்னுக்குப் போகும். 500 மைலிலை 15 தௌவுக்குத் திரும்ப வையுங்கோ, வைச்சுப்போட்டுப் பல்ப்பாலை ஒருக்காப் பாருங்கோ. ஒயிலை இப்பவே மாத்துங்கோ.